அமெரிக்கக் கல்லூரிக் கட்டணம்: ‘பெற்றோரைச் சாராத மாணவர்’ என்ற வழி எவ்வளவு குறுகலானது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பிறந்து, பெற்றோருடன் சென்னைக்கும் கோவைக்கும் திரும்பி வந்து வளர்ந்த பிள்ளைகள் கல்லூரிப் படிப்புக்கு அங்கே போவதைப் பற்றித் தங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையில் இரண்டு செய்திகள் இருந்தன. அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் குறைந்த கட்டணம் என்பது முதலாவது. அப்படிக் கிடைக்காவிட்டாலும், 18 வயது முடிந்ததும் ‘பெற்றோரைச் சாராதவர்’ என்று எழுதிக் கொடுத்து ஓர் ஆண்டில் அந்தக் கட்டணத்துக்கு மாறிவிடலாம் என்பது இரண்டாவது. முதல் செய்தி தவறு. இரண்டாவது விதிப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கட்டுரை சொல்லும் வகையில் நடப்பதில்லை. இதை நம்பி வீட்டை அடமானம் வைக்கும் குடும்பங்கள் இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம்.

அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்களை நடத்துவது மாநிலங்கள். அங்கே வசித்து வரி கட்டும் குடும்பத்துக்குத்தான் மாநிலவாசிக் கட்டணம். அங்குள்ள தமிழர்கள் ‘இன்-ஸ்டேட் டியூஷன்’ என்று சொல்வது இதைத்தான். அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருக்கும் அண்ணா நகர்ப் பிள்ளை ஐம்பது மாநிலங்களில் எதற்கும் மாநிலவாசி அல்ல. பிறந்தது சான் ஹோசே மருத்துவமனையில் என்பதற்கும் கட்டணத்துக்கும் தொடர்பே இல்லை. ‘யூசி’ எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ முதலிய வளாகங்களில், மாநிலவாசிக்கு ஆண்டுக் கட்டணம் சுமார் 15,000 டாலர். வெளியாருக்கு அதற்கு மேல் கூடுதல் கட்டணம் உண்டு. 2025-26இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கூடுதல் மட்டும் 37,602 டாலர். நான்கு ஆண்டுக்கு இது ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும் என்பதால், எப்படியாவது மாநிலவாசியாக மாற வேண்டும் என்ற ஆசை புரிந்துகொள்ளக் கூடியதே.

மாற வேண்டுமானால் இரண்டு தனித்தனிச் சோதனைகளில் தேற வேண்டும். முதலாவது வசிப்பிடம்: பல மாநிலங்களில் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து அங்கே இருந்திருக்க வேண்டும், படிக்க மட்டும் வரவில்லை, அங்கேயே தங்கும் எண்ணத்தோடு வந்திருக்கிறோம் என்று காகிதத்தில் காட்டவும் வேண்டும். இரண்டாவது பணச் சார்பின்மை. 24 வயதுக்குக் கீழே, மணமாகாத, இளநிலை மாணவர் என்றால் பெற்றோர் இருக்கும் ஊரே அவருடைய ஊர் என்றுதான் பெரும்பாலான மாநிலங்கள் எடுத்துக்கொள்கின்றன. பெற்றோர் சென்னையில் இருந்தால் மாணவரும் சென்னைக்காரர். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மாணவருடையது. பல்கலைக்கழகம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை.

இந்த இரண்டாவது சோதனையில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். காரணம் எளிய கணக்கு. வெளியார் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே ஓர் ஆண்டு படித்து, அந்த ஆண்டைக் காட்டி மாநிலவாசியாக மாறுவது என்பதுதான் பலர் போடும் திட்டம். அந்த ஆண்டுக்கான கட்டணத்தைக் கட்டியது யார்? கலிஃபோர்னியாவில் 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுக்க ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் வரிக்கு முன் 34,320 டாலர்தான் வரும். கட்டணமும் கூடுதல் கட்டணமும் சேர்ந்து 52,000 டாலருக்கு மேல்; வாடகையும் சாப்பாடும் தனி. மிச்சத்தை அப்பா அனுப்பியிருந்தால் சார்பின்மை அங்கேயே பொய்த்துப்போகிறது. கட்டணம் கட்டிய ரசீதே மாணவருக்கு எதிரான சாட்சி. பெற்றோரால் கட்ட முடிகிற வரை இந்த வழி திறக்காது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘சாராதவர்’ என்பதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான விளக்கம் கிடையாது. கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டம் 68044-ஆம் பிரிவு மூன்று கேள்வி கேட்கிறது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் எனப்படும் கால் ஸ்டேட் வளாகங்களில், அதாவது சான் ஹோசே, ஃப்ரெஸ்னோ, லாங் பீச் போன்ற இடங்களில், வெளியாராகச் சேர்ந்துவிட்டுப் பிறகு வகை மாற்றக் கேட்பவர்களை இந்தப் பிரிவை வைத்துத்தான் அளக்கிறார்கள். பெற்றோர் தங்கள் வருமான வரிக் கணக்கில் மாணவரைச் சார்ந்தவராகக் காட்டியிருக்கக் கூடாது. பெற்றோரிடமிருந்து ஆண்டுக்கு 750 டாலருக்கு மேல் உதவி பெற்றிருக்கக் கூடாது. பெற்றோர் வீட்டில் ஆண்டுக்கு ஆறு வாரத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. விண்ணப்பிக்கும் காலண்டர் ஆண்டிலும், அதற்கு முந்தைய மூன்று காலண்டர் ஆண்டுகளிலும், இந்த மூன்றும் பொருந்த வேண்டும்.

இதைச் சென்னையில் வைத்துப் பார்ப்போம். 750 டாலர் என்பது அறுபதாயிரம் ரூபாய் சொச்சம். விடுமுறைக்கு வந்து போக அம்மா எடுத்துக் கொடுக்கும் ஒரு விமான டிக்கெட்டே அதைத் தாண்டிவிடும். கோடை விடுமுறைக்கு மே மாதக் கடைசியில் வந்து ஆகஸ்டு நடுவில் திரும்பினால் பதினோரு வாரம். ஆறு வார வரம்பு அதோடு போயிற்று. பிளஸ் டூ முடித்து 2025 ஜூலையில் விமானம் ஏறிய பிள்ளைக்கு அந்த ஆண்டின் பாதி பெற்றோர் வீட்டில் கழிந்திருக்கிறது. எனவே 2025 கணக்கில் சேராது. 2026, 2027, 2028 மூன்றும் சுத்தமாக இருந்தால் 2029இல் விண்ணப்பிக்கலாம். அந்த ஆண்டு மே மாதம் பட்டமளிப்பு விழா!

வெளியாராகச் சேர்ந்துவிட்டு மாறுவதைவிட, மாநிலத்தில் குடியேறி ஓர் ஆண்டு இருந்துவிட்டுப் பிறகு சேர்வது பொதுவாக மேல். கால் ஸ்டேட்டில் இந்த மூன்று கேள்வியும் முக்கியமாக வகை மாற்றம் கேட்பவருக்குத்தான். முதன்முறை சேர்பவரிடம் வசிப்பிடத்தையும் எண்ணத்தையும்தான் முதலில் பார்க்கிறார்கள். இலையுதிர் பருவத்துக்கு அவர்களுடைய கணக்கு நாள் செப்டம்பர் 20. அன்றைக்குப் பின்னோக்கி ஓராண்டு முழுதாக இருக்க வேண்டும். 18 வயது நிறையும் முன் மாணவர் தனியாக வசிப்பிடம் ஏற்படுத்திக்கொள்ள முடியாது என்பதால், பெற்றோர் அந்த மாநிலத்தில் இல்லாத ஒருவர் கணக்கு நாளில் குறைந்தது 19 வயதை எட்டியிருக்க வேண்டும். ஆனால் இதே உத்தியை யூசி வளாகங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். பெற்றோர் கலிஃபோர்னியாவில் இல்லாத, 24 வயதுக்குக் கீழான இளநிலை மாணவர் தேறுவது மிகக் கடினம் என்று அங்கே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் வேறு. அங்கே நடப்புக் காலண்டர் ஆண்டும் முந்தைய காலண்டர் ஆண்டும் பார்க்கப்படும். பெற்றோர் மட்டுமல்ல, உறவினரும் மற்றவர்களும் நேரடியாகவோ மறைமுகமாகவோ, எந்த வடிவிலும் குறிப்பிடத்தக்க பண உதவி செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. ரெட்மண்டில் சித்தப்பா வீட்டு மாடியறையில் வாடகையில்லாமல் இருந்து, சித்தி சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு ‘நான் யாரையும் சாரவில்லை’ என்று எழுதினால் செல்லாது. வாடகை ஒப்பந்தம் போட்டு, மாதாமாதம் சொந்தக் கணக்கிலிருந்து சித்தப்பாவுக்குக் காசோலை கொடுத்திருந்தால் அது வேறு. இன்னொன்று: ஒரு பருவத்தில் ஆறு கிரெடிட்டுக்கு (பாடச் சுமையின் அளவு) மேல் படிக்கும் வெளியார், படிப்புக்காகவே மாநிலத்துக்கு வந்தவர் என்றே கருதப்படுவார். முதல் ஆண்டில் முழு நேரம் படித்தவர் அந்த அனுமானத்தை உடைப்பது அரிது. வேலைக்கு வந்தவர், ஓய்வு நேரத்தில் ஒன்றிரண்டு பாடம் எடுத்தவர் என்ற தோற்றம் இருக்க வேண்டும். தோற்றம் மட்டும் போதாது, உண்மையும் அதுவாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பருவம் தொடங்கிய முப்பதாவது நாளுக்குள் சேர்க்க வேண்டும். தவறினால் அடுத்த பருவம்தான்.

ஒஹையோவின் வாசகம் வித்தியாசமானது. பன்னிரண்டு மாதம் மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும். அதே பன்னிரண்டு மாதத்தில் ஒஹையோவாசி அல்லாத யாரிடமிருந்தும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பண ஆதரவு பெற்றிருக்கக் கூடாது. கொலம்பஸில் பல ஆண்டாகக் குடியிருக்கும் அத்தை சொந்தப் பணத்தில் உதவினால் அந்த வாக்கியப்படி தடையில்லை. சென்னையிலிருந்து அப்பா அத்தையின் கணக்குக்கு அனுப்பி, அத்தை அதையே எடுத்துக் கொடுத்தால், ‘மறைமுகமாக’ என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வார்கள்.

டெக்சாஸில் இன்னொரு நுணுக்கம். அங்கே சார்ந்தவர் யார் என்பதற்கு வரிக் கணக்கில் ‘காட்டப்பட்டவர்’ என்று எழுதவில்லை, ‘காட்டத் தகுதியுள்ளவர்’ என்று எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் வரி கட்டும் பெற்றோர் பலர், “இந்த வருஷம் பையனை எங்கள் ரிட்டர்னில் காட்டவில்லை, ஆகவே அவன் தனி” என்று நினைக்கிறார்கள். வருமான வரித் துறையின் சட்டப்படி 24 வயதுக்குக் கீழே, ஆண்டில் ஐந்து மாதமாவது முழு நேரம் படிக்கும், தன் செலவில் பாதிக்கு மேல் தானே ஏற்காத பிள்ளை, காட்டினாலும் காட்டாவிட்டாலும் தகுதியுள்ள சார்ந்தவர்தான். கல்லூரி விடுதியில் இருப்பது வீட்டைவிட்டுப் போனதாக ஆகாது, தற்காலிகமாக வெளியே இருப்பதுதான். கல்விக் கடன் தனிச் செய்தி. ஆனால் ஸ்காலர்ஷிப் பணம் ‘தானே சம்பாதித்தது’ என்று கணக்கில் வராது. வேண்டுமென்றே காட்டாமல் விட்டவருக்குக் கிடைப்பது ஒன்றுதான்: ஆண்டுக்கு 2,500 டாலர் வரையான கல்வி வரிச் சலுகை கைநழுவுவது.

உண்மையிலேயே தனியாக இருப்பவருக்கு டெக்சாஸ் ஓரளவு தெளிவான அளவுகோலை வைத்திருக்கிறது. பருவக் கணக்கு நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதமும் மாநிலத்தில் சம்பள வேலை. சராசரியாக வாரம் 20 மணி நேரம், அல்லது படிப்பு, வாழ்க்கைச் செலவில் பாதியையாவது ஈடுகட்டும் வருமானம். மாணவர் என்பதற்காகவே வளாகத்தில் கிடைக்கும் வேலை இதில் சேராது. நூலகத்திலும் உணவகத்திலும் வளாக வேலை செய்துவிட்டு அதைக் காட்டி ஏமாந்தவர்கள் பலர். சொந்தப் பெயரில் குடியிருப்பு வீடு, டெக்சாஸ்வாசியை மணந்திருப்பது ஆகியவையும் ஆதாரமாகும். வர்ஜினியாவில் 24 வயதுக்குக் கீழானவர் பெற்றோர் ஆதரவில் இருக்கிறார் என்பது சட்டப்படியான அனுமானம். அதை உடைக்கத் தெளிவான, நம்பவைக்கும் ஆதாரம் வேண்டும் என்று சட்டமே சொல்வதால், சாதாரணச் சம்பளச் சீட்டு ஒன்றிரண்டு அங்கே எடுபடாது.

இவ்வளவும் தெரிந்து, ஓர் ஆண்டு படிப்பைத் தள்ளிவைத்து, வேலை செய்து வாழத் தயாராக இருக்கும் குடிமக்களான பிள்ளைகளுக்கு வழி உண்டு. அதை எந்த வரிசையில் செய்வது என்பது முக்கியம். விமானம் ஏறும் முன்பே பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது கெடுதல்: படிக்கத்தான் வந்தார் என்பதற்கு அதுவே முதல் சான்று. இறங்கியதும் சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வேலை. கலிஃபோர்னியாவில் குடியேறிய பத்து நாளுக்குள் ஓட்டுநர் உரிமம், கார் இருந்தால் இருபது நாளுக்குள் அங்கேயே பதிவு என்பது போக்குவரத்துத் துறையின் விதி. ஆறு மாதம் கழித்து எடுத்த உரிமம், ‘எண்ணம்’ ஆறு மாதம் கழித்தே பிறந்தது என்று காட்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது குடிமகனுக்கு மட்டும் உரிய, வலுவான ஆதாரம். ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர் இதைத் தெரியாமல் செய்தால் நாடுகடத்தும் அளவுக்கு விவகாரம் ஆகும், எச்சரிக்கை. வரி ஆண்டு முடிந்ததும் மாநில வருமான வரிக் கணக்கை முழு ஆண்டுவாசி அல்லது பகுதி ஆண்டுவாசி என்று உள்ளபடி தாக்கல் செய்ய வேண்டும். வெளியார் படிவத்தில் தாக்கல் செய்துவிட்டு மாநிலவாசிக் கட்டணம் கேட்டால் இரண்டு காகிதமும் ஒன்றையொன்று மறுக்கும். மத்தியப் படிவத்தில் ‘வேறு ஒருவர் உங்களைச் சார்ந்தவராகக் காட்ட முடியுமா’ என்ற கட்டத்தையும் கவனியுங்கள். வரிக் கணக்கைத் தயாரித்துத் தரும் மென்பொருள் இதைக் கேட்டதும், யோசிக்காமல் ‘ஆம்’ என்று தட்டிவிட்டுப் போகும் பிள்ளைகள் அதிகம்.

அந்த ஓர் ஆண்டில் கைச்செலவு, வாடகை, மருத்துவக் காப்பீடு, கைபேசிக் கட்டணம் வரை வந்த பணத்துக்கும் போன பணத்துக்கும் மாதக் கணக்கு வேண்டும். ஆய்வு செய்யும் அலுவலர் செய்வது கூட்டல் கழித்தல்தான். சம்பளம் மாதம் 1,900, வாடகையும் மற்றதும் 2,600 என்றால், மீதி 700 எங்கிருந்து என்பதே அவருடைய முதல் கேள்வி. அப்பாவின் கிரெடிட் கார்டில் கூடுதல் அட்டை, குடும்பக் கைபேசித் திட்டம், அப்பா பெயரில் பதிவான கார், இவை மூன்றும்தான் பெரும்பாலான கோப்புகளைக் கவிழ்ப்பவை.

இந்தியாவிலிருந்து வரும் பணத்துக்கு இன்னொரு தடயம் இருக்கிறது. வங்கி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும்போது நிரப்பும் ஏ2 படிவத்தில் நோக்கம் என்ன என்று குறிக்கச் சொல்வார்கள். ‘வெளிநாட்டில் கல்வி’ அல்லது ‘நெருங்கிய உறவினர் பராமரிப்பு’ என்று அப்பாவே கையெழுத்துப் போட்டிருப்பார். பரிசு என்று குறித்தாலும் பெற்றோரிடமிருந்து வந்த பணம் பெற்றோர் பணம்தான். இந்திய வங்கியின் கல்விக் கடனும் உதவாது: பெற்றோர் இணைக் கடனாளி, பல சமயம் வீட்டுப் பத்திரம் ஈடு. மாணவர் பெயரில் மட்டும், வேறு யார் கையெழுத்தும் இல்லாமல் கிடைத்த கடனைத்தான் பல்கலைக்கழகங்கள் சொந்த வருமானத்தோடு சேர்த்துப் பார்க்கின்றன. பாட்டி எழுதி வைத்த நிரந்தர வைப்பு போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பதில் மாறும். எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாஃப்சா என்ற மத்திய உதவித் தொகை விண்ணப்பத்தில் வரும் ‘சாராத மாணவர்’ வேறு கணக்கு. அங்கே 24 வயது, திருமணம், முதுநிலைப் படிப்பு, ராணுவச் சேவை, குழந்தை, பெற்றோரை இழந்தது, நீதிமன்றப் பாதுகாப்பு போன்றவைதான் தகுதி. தனியாகச் சம்பாதித்து வாழ்வதோ, பெற்றோர் பணம் தர மறுப்பதோ அங்கே தகுதி ஆகாது. மாநிலக் கட்டணத்துக்குச் சாராதவராகத் தேறிய 20 வயதுப் பிள்ளை ஃபாஃப்சாவில் சார்ந்தவராகவே இருப்பார். சென்னையிலுள்ள பெற்றோரின் வருமானத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒன்றில் ஏற்கப்பட்டதை மற்றொன்றுக்கு ஆதாரமாகக் காட்டி வாதாட வேண்டாம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கப் போகும் நம் மாணவர்களுக்கு இதுவரை சொன்ன சார்பின்மை வழி பொருந்தாது. படிப்பு முடிந்து திரும்புவேன் என்ற உறுதியில் தரப்படும் விசா அது. கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அதை வைத்துக்கொண்டு வசிப்பிடம் கோர முடியாது. அதற்கு நேர்மாறாக, எச்-1பி என்ற வேலை விசாவில் உள்ள பெற்றோருடன், அவர்களைச் சார்ந்தவருக்கான எச்-4 விசாவில் அதே மாநிலத்தில் வளர்ந்த பிள்ளை பெற்றோரைச் சார்ந்தவராக இருப்பதால்தான் குறைந்த கட்டணம் பெறுகிறார். அவர் போய் ‘நான் சாராதவன்’ என்று எழுதிக் கொடுப்பது இருப்பதையும் கெடுத்துக்கொள்வது. 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1க்கு மாறும்போது கட்டணம் உயருமா என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

சென்னையிலுள்ள குடும்பங்களுக்கு, சார்பின்மையை நிரூபிக்கப் போராடுவதைவிட எளிதான வழிகள் சில உண்டு. தாயோ தந்தையோ உண்மையாகவே வேலையோடு ஒரு மாநிலத்துக்கு ஓராண்டு முன்னதாகக் குடிபெயர்ந்தால், பிள்ளை அவரைச் சார்ந்தவர் என்ற வகையில் பல மாநிலங்களில் தகுதி பெறுவார். டெக்சாஸில் கல்லூரி வழங்கும், மாநிலத்து மாணவர்களோடு போட்டியிட்டுப் பெற்ற 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் இருந்தாலே வெளியாருக்கும் மாநிலவாசிக் கட்டணம் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. முந்தைய ஆண்டு மாணவர் எண்ணிக்கையில் ஐந்து விழுக்காட்டுக்குள்தான் இதைத் தரலாம் என்பதால் சீக்கிரம் விண்ணப்பிப்பவருக்கு வாய்ப்பு அதிகம். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (கிரெடிட் போன்ற பாட அளவு) 46 டாலர்தான். வெளியாருக்குப் பெரும்பாலான இடங்களில் 300 டாலருக்கு மேல். வேலை பார்த்துக்கொண்டே முதல் ஆண்டில் ஓரிரு பாடம் மட்டும் எடுத்து, வசிப்பிடம் உறுதியானபின் முழு நேரமாகி, அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு அனுப்ப நினைப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டியது: சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் ரெசிடென்சி அலுவலர் (வசிப்பிடத் தகுதியை முடிவு செய்பவர்) என்று ஒருவர் இருப்பார். பிறந்த தேதி, பெற்றோர் வசிக்கும் ஊர், கட்டணம் யார் கட்டுவது, எந்த நாளிலிருந்து மாநிலத்தில் இருக்கப்போவது என்ற நான்கு விவரத்தையும் மறைக்காமல் மின்னஞ்சலில் எழுதி, பதிலை வாங்கிய பிறகு விமான டிக்கெட் எடுங்கள். சேர்க்கை அலுவலகத்தில் தொலைபேசியில் சொன்னதும், கன்சல்டன்சிக்காரர் சொன்னதும் ரெசிடென்சி அலுவலரைக் கட்டுப்படுத்தாது.

இப்படிக்கு,
மாணவர் கட்டண ஆலோசனைப் பணியில் உள்ள வாசகர்கள்,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா